கம்பியை வெட்டுவதற்கு முன்

வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, கடற்காற்று நேராக வந்து மோதும் மாடிகளில் ஹாம் ரேடியோவுக்காக (பொழுதுபோக்காகத் தனிநபர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு) கட்டிய கம்பி ஆண்டெனாக்களுக்கு வரும் கோளாறு பெரும்பாலும் கம்பியின் நீளத்தில் இருப்பதில்லை. இணைப்பில் இருக்கும், கேபிளுக்குள் இருக்கும், பக்கத்து வீட்டு இரும்பில் இருக்கும். ஆனால் அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள் (1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 3ஐத் தொட்டதும் கை தானாகக் கட்டிங் பிளேயரைத் தேடுகிறது. இரண்டு பக்கமும் பத்து சென்டிமீட்டர் வெட்டியாயிற்று, முள் இறங்கவில்லை, இன்னும் பத்து. கடைசியில் உப்பு தின்ற ஓர் ஈயப்பற்றுக்காக நல்ல ஆண்டெனா ஒன்று குட்டையாகிப் போகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம். ஆனால் ஒட்டிய இடம்தான் அடுத்த மழைக்காலத்தில் முதலில் போகும். ஆகவே வெட்டுவதைக் கடைசிக்கு வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் எந்த வரிசையில் தேடுவது என்பதை எழுதுகிறேன்.

கணக்குக்கு ஒரே ஓர் ஆண்டெனாவை எடுத்துக்கொள்வோம். 40 மீட்டர் பேண்டுக்கான டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேர்ந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு கையாக நீளும் கம்பி. நடுவில் கம்பத்தில் தூக்கி, இரண்டு கைகளும் கூரைபோல் சரியும் இன்வெர்ட்டட் வீ. நம் நாட்டில் இந்த பேண்ட் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ். நடு 7.1. டைபோல் நீளத்துக்கான வழக்கமான எண் 143ஐ 7.1ஆல் வகுத்தால் 20.14 மீட்டர், ஒரு கை 10.07. இது உறையில்லாத செம்புக் கம்பிக்கான கணக்கு. வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் பி.வி.சி. வயரில் 2 முதல் 4 சதவீதம் குறையும், அதாவது ஒரு கை 9.7 அருகில் வந்து நிற்கும். இருந்தாலும் 10.2 மீட்டரில் தொடங்கி, மிச்சத்தை முனையில் மடித்து, தன் மேலேயே இறுக்கிச் சுற்றி வைக்க வேண்டும். மடித்துச் சுற்றிய பகுதி ஏறக்குறைய நீளத்தில் சேராது. வேண்டும்போது அவிழ்க்கலாம். 90 மீட்டர் சுருள் ஒன்றில் இப்படி நாலு ஆண்டெனா வரும்.

20க்கு 60 அடி மனையில் எழுந்த மாடியில் இது அடங்குமா என்பது அடுத்த கேள்வி. மூலைக்கு மூலை அளந்தால் 63 அடி, 19.3 மீட்டர். கம்பத்தின் உச்சி தளத்திலிருந்து 5 மீட்டர், கை முனைகள் 2 மீட்டர் உயரத்தில் என்றால், 9.7 மீட்டர் கை தரைவாக்கில் 9.2 மீட்டரை எடுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து 18.4. கயிறுக்கும் இன்சுலேட்டருக்கும் ஒவ்வொரு பக்கமும் 40 சென்டிமீட்டர்தான் மிச்சம். இடம் நெருக்கம்தான், ஆனால் அடங்கும். முனைகளை 2 மீட்டருக்குக் கீழே இறக்கி இடத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. 100 வாட்டில் ஒலிபரப்பும்போது முனையில் பல நூறு வோல்ட் நிற்கும். துணி உலர்த்த வந்தவர் கை பட்டால் தோல் கருகும். அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு: கம்பமோ கம்பியோ எந்தப் பக்கம் அறுந்து விழுந்தாலும் ஈ.பி. கம்பியைத் தொடாத இடமாக இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் மாடியில் இல்லையென்றால் அந்த மாடியில் ஆண்டெனா வேண்டாம்.

சரி, ஆண்டெனா கட்டியாயிற்று, சரியில்லை. முதலில் கேட்க வேண்டியது: இது புதிதாகக் கட்டி இதுவரை ஒருநாளும் சரியாக வேலை செய்யாததா, நேற்றுவரை நன்றாக இருந்து இன்று கெட்டதா? இரண்டும் இரண்டு நோய். புதிதாகக் கட்டியதில் நீளம் தவறியிருக்கலாம், இணைப்பு மாறியிருக்கலாம், பக்கத்தில் இரும்பு இருக்கலாம். நேற்றுவரை ஓடியதில் நீளத்தைச் சந்தேகிக்கவே வேண்டாம். கம்பி தானாக வளராது. ஒற்றை இழைச் செம்பு இழுவையில் கொஞ்சம் நீளும், உண்மைதான். அதனால் டிப், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைந்து நிற்கும் அலைவரிசை, இருபது முப்பது கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்கும், அவ்வளவே. 1.3ஆக இருந்தது 4 ஆகாது. அதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

கீழே இருந்து மேலே

தேடலை ரேடியோவின் முதுகிலிருந்து தொடங்க வேண்டும். மொட்டை மாடிக்கு ஓடுவதற்கு முன், ஆண்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் எதிர்ப்பாக நின்று சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடு ஒன்றை மாட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் செய்துகொள்ளலாம். 1 கிலோ ஓம், 2 வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இருபதை இணையாகப் பற்றவைத்தால் 50 ஓம், 40 வாட். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் சில்லறையாகவே கிடைக்கும். வெள்ளைப் பீங்கான் உறைக்குள் கம்பி சுற்றி வரும் வகையை மட்டும் வாங்காதீர்கள். அது சுருள், இந்த அலைவரிசையில் 50 ஓமாக நடந்துகொள்ளாது. டம்மி லோடை ரேடியோவோடு நேரடியாக இணைத்தபோது எஸ்.டபிள்யூ.ஆர். 1.1க்கு மேல் போனால் மீட்டரோ, இடையில் உள்ள சிறு கேபிளோதான் குற்றவாளி. மேலே கட்டியிருக்கும் கம்பி பாவம்.

அடுத்து அதே டம்மி லோடைக் கேபிளின் மேல் முனையில், ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும். இங்கும் 1.1 வந்தால் கேபிள் சரி என்று பலர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். உப்புநீர் ஊறிய கேபிள் எதை மாட்டினாலும் அழகான எண்ணைத்தான் காட்டும், ஏனென்றால் போகும் சக்தியையும் அது விழுங்குகிறது, திரும்பி வரும் சக்தியையும் விழுங்குகிறது. மீட்டருக்குத் திரும்பி வருவது குறைந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பதாகத் தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஓர் ஆண்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். திடீரென்று பேண்ட் முழுக்க 1.2 ஆகிவிட்டதென்றால், அன்றுதான் பயப்பட வேண்டும்.

இதைப் பிடிக்கும் சோதனை எளியது. கேபிளின் மேல் முனையைத் திறந்தபடி விட்டு, கீழே நானோ வி.என்.ஏ. (எஸ்.டபிள்யூ.ஆரையும் எதிர்ப்பையும் அலைவரிசைவாரியாகக் காட்டும் கையடக்கக் கருவி) வைத்து 7.1இல் எஸ்.டபிள்யூ.ஆர். அளக்க வேண்டும். ரேடியோவை வைத்து இதைச் செய்யாதீர்கள். திறந்த கேபிளுக்குள் 100 வாட் அனுப்பினால் அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. 20 மீட்டர் நல்ல ஆர்.ஜி.58 கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 0.8 டெசிபெல் விழுங்கும், திரும்பி வரும்போது இன்னொரு 0.8. ஆகவே மீட்டரில் 11க்கு அருகில் வர வேண்டும். இங்கே பெரிய எண் வந்தால்தான் கேபிள் ஆரோக்கியம். 5 வந்தால் ஒரு வழி இழப்பு 1.8 டெசிபெல். 3 வந்தால் 3 டெசிபெல். 100 வாட் அனுப்பினால் 50 வாட் கேபிளைச் சூடாக்கியே தீர்ந்துபோகிறது. மேல் முனையைத் திறந்து ஒரு முறை, கேபிளின் நடுக்கம்பியையும் அதைச் சுற்றிய உலோகப் பின்னலையும் சேர்த்து இணைத்து ஒரு முறை அளந்து, இரண்டு இழப்பையும் சராசரி பார்த்தால் இன்னும் நம்பகம்.

நானோ வி.என்.ஏ.வைப் பற்றி ஒரு வார்த்தை. நீளக் கம்பியில் நிலைமின்சாரம் தேங்கும். கேபிளைக் கருவியில் மாட்டுவதற்கு முன் அதன் நடு ஊசியையும் வெளி உறையையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் தொட்டு இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கருவியின் உள்ளீடு செத்துப்போகும். ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் வைத்துக் கேலிப்ரேட் செய்யாமல் எடுத்த அளவை எழுதி வைக்கவே வேண்டாம்.

மல்டிமீட்டரே போதும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நேரடியாக ஊட்டும் டைபோலில், கீழ் முனையில் நடு ஊசிக்கும் உறைக்கும் இடையே எதிர்ப்பு அளந்தால் முடிவிலி வர வேண்டும். கேபிளின் வெளிப்பரப்பில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் சோக் வகைப் பேலன் இருந்தாலும் அப்படித்தான். சில பத்து கிலோ ஓம் காட்டி, எண் நிலையில்லாமல் ஊர்ந்துகொண்டே இருந்தால், எங்கோ ஈரம். மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். நிலையாகச் சில பத்து மில்லிவோல்ட் நின்றால், உப்புநீரும் இரண்டு உலோகமும் சேர்ந்து உங்கள் கனெக்டருக்குள் ஒரு பேட்டரியே உருவாகியிருக்கிறது. இதற்குமேல் சாட்சி தேவையில்லை. டைபோலுக்குப் பதிலாக, கம்பியின் ஒரு முனையில் கேபிளைச் சேர்க்கும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்தவர்கள் மட்டும் இதைக் கண்டு குழம்பக் கூடாது. அவர்களுக்கு இரண்டு முனைக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் ஓம் வருவதுதான் முறை.

பிறகு மேல் முனையை முதலைக் கிளிப்பால் ஷார்ட் செய்து கீழே அளந்தால், 20 மீட்டர் ஆர்.ஜி.58க்கு மொத்தம் 1 ஓம் அருகில் வரும். மீட்டர் வயரின் சொந்த எதிர்ப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் கேபிளை முழம் முழமாக வளைத்துக்கொண்டே போகட்டும். கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கேபிள் மடியும் இடத்தில்தான் எண் அநேகமாகத் துள்ளும்.

பெட்டியைத் திறந்தால்

இனி நடு இணைப்பு, அதாவது கேபிளும் இரண்டு கைகளும் சேரும் பெட்டி. வடசென்னையில் ஒரு ஆண்டெனா கெட்டால் இந்தப் பெட்டியை முதலில் திறந்து பார்ப்பது தப்பே இல்லை.

ஒரு வருஷம் கடற்காற்றில் நின்ற பெட்டியைத் திறந்து பாருங்கள். செம்புக் கம்பி லக்கோடு (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். துத்தநாகம் பூசிய போல்ட் என்றால் வெள்ளை மாவும் அதன் கீழே செந்துருவும். கேபிளின் பின்னல் வெள்ளியாக இருக்க வேண்டியது கறுத்து, விரலால் தேய்த்தால் கரிபோல் ஒட்டும். மேலுறையை ஒரு சாண் கீறிப் பாருங்கள், உள்ளேயும் கறுப்புதான். பின்னலின் இழைகளுக்கு நடுவில் உள்ள சந்துகள் விளக்குத் திரிபோல நீரை உறிஞ்சிக் கீழே இழுத்துக்கொண்டே போகும். அதனால் முனையை மட்டும் சுரண்டி ஈயம் வைத்தால் ஒரு மாதம் தாங்காது. பின்னல் பளிச்சென்று தெரியும்வரை வெட்டிக்கொண்டே வர வேண்டும். சில நேரம் 30 சென்டிமீட்டர், சில நேரம் 2 மீட்டர். மூன்று மீட்டர் வெட்டியும் கறுப்பு போகவில்லையென்றால் அந்தக் கேபிளை விட்டுவிடுங்கள். இந்தப் பதிவில் தயங்காமல் வெட்டச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

இவ்வளவு வேகமாக இது நடப்பதற்குக் காரணம் மழை மட்டும் இல்லை. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். திருவொற்றியூரில் விடியற்காலையில் அந்த அளவு ஈரம் சாதாரணம். ஆகவே ஒரு சொட்டு மழை இல்லாத மாசி மாதத்திலும், இணைப்பின் மேல் படிந்த உப்பு ஒவ்வோர் இரவும் நனைந்து, பகலில் உலர்ந்து, மறுபடி நனைகிறது.

புதிதாகச் செய்யும்போது எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் பி.வி.சி. ஜங்ஷன் பாக்ஸ் போதும். கேபிளை மாட்டும் எஸ்.ஓ.239 சாக்கெட் பெட்டியின் அடிப்பக்கத்தில், வாய் கீழே பார்த்தபடி இருக்கட்டும். அடியிலேயே 3 மில்லிமீட்டரில் ஒரு துளை போடுங்கள். முழுக்க அடைத்த பெட்டி பகலில் சூடாகி, மாலையில் குளிரும்போது எந்தச் சந்திலிருந்தாவது ஈரக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். வெளியேற வழியில்லாமல் அது உள்ளேயே நீராகும். துளை உள்ள பெட்டி பிழைக்கும். போல்ட், நட், வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ். கடையில் காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள், பலமாக ஒட்டினால் வேண்டாம். கம்பியின் பாரமும் காற்றின் இழுப்பும் பெட்டியில் உள்ள துளைகளில் நிற்க வேண்டும், ஈயப்பற்றில் நிற்கக் கூடாது. கம்பியை ஒரு துளையில் விட்டு மறு துளையில் எடுத்து முடிச்சுப் போட்டு, அதற்குப் பிறகு தளர்வாக ஒரு வளையம் விட்டு லக்கில் பற்றவைக்க வேண்டும்.

பற்றவைப்பதற்கு 25 வாட் இரும்பு மாடிக் காற்றில் உதவாது. 60 வாட்டாவது வேண்டும், இல்லையென்றால் கீழே அறையிலேயே செய்துகொண்டு மேலே போங்கள். கம்பியை பிளேடால் சுரண்டி, உடனே ஈயம் பூசி, பிறகு இணைக்க வேண்டும். டப்பாவில் வரும் பேஸ்டில் அமிலம் உண்டு. ரோசின் உள்ள ஈயமே நல்லது. பேஸ்ட்தான் இருக்கிறது என்றால் வேலை முடிந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். அதே எச்சரிக்கை சிலிகான் சீலன்ட்டுக்கும். டியூபைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், செம்பு கறுக்கும். நெடியில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தச் சாக்கெட்டில் கேபிளின் பி.எல்.259 கனெக்டரை மாட்டியபின், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப்பை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதி மேல் பாதி படும்படி சுற்றுங்கள். கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். அப்போதுதான் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படியும், நீர் வழிந்து இறங்கும். அதன்மேல் வெயிலுக்காகக் கறுப்பு பி.வி.சி. டேப் ஒரு சுற்று. கேபிள் டை போடுவதானால் கறுப்பு. வெள்ளை டை சென்னை வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

கேபிள் டி.வி.க்குப் போடும் ஆர்.ஜி.6 வயரைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் நிறைய. 75 ஓம் என்பது பெரிய குறையில்லை. 50 ஓம் ரேடியோவுக்கு 1.5 எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது 4 சதவீதம் திரும்பி வரும், அவ்வளவே. சிக்கல் அதன் பின்னல் அலுமினியம் என்பதில். ஈயம் ஒட்டாது. உப்புக்காற்றில் பித்தளையோடு சேரும் இடத்தில் வெள்ளைப் பொடியாகக் கரையும். மாதவரம், பெரம்பூரில் ஓரளவு ஓடும். கடற்கரைச் சாலையைப் பார்த்த மாடிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கம்பியும் அதன் அக்கம்பக்கமும்

கேபிளும் பெட்டியும் சரி என்று உறுதியான பிறகே கம்பிக்கு வருகிறோம். வி.என்.ஏ.வை 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பாருங்கள். 40 மீட்டர் டைபோலுக்கு 7.1 அருகில் ஒரு பள்ளமும், அதன் மூன்று மடங்குக்குச் சற்று மேலே இன்னொரு பள்ளமும் இருக்க வேண்டும். முதல் பள்ளமே எங்கும் இல்லையென்றால் ஒரு கை நடுப்பெட்டியிலேயே விட்டுப்போயிருக்கலாம். பள்ளம் பேண்டுக்கு வெகு மேலே, 8 அல்லது 9க்குத் தாவியிருந்தால் கை எங்கோ பாதியில் அறுந்திருக்கலாம். பி.வி.சி. உறை வயரில் இது கண்ணுக்குத் தெரியாது. உறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு போயிருக்கும். இன்சுலேட்டரில் கம்பி மடியும் இடத்தையும் பெட்டியை ஒட்டிய ஒரு சாண் தூரத்தையும் விரலால் உருட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு இல்லாத இடம் மெத்தென்று மடங்கும். மீட்டரில் 10 மீட்டர் கைக்கு 0.1 ஓம்தான் வர வேண்டும்.

இந்தப் பக்கத்து மாடிகளுக்கே உரிய ஒன்று காத்தாடி நூல். தடை இருந்தும் மாஞ்சா போகவில்லை. கண்ணாடித்தூள் பூசிய நூல் கம்பியில் சிக்கி, காற்றில் ரம்பம்போல் இழுபட்டு உறையைக் கீறிவிடும். கீறல் சின்னது. அதன் வழியாக உப்புநீர் இறங்கி, உறைக்குள்ளேயே செம்பை இரண்டு பக்கமும் அடிக்கணக்கில் கறுக்க வைக்கும். சிக்கிய நூலைக் கீழே நின்று வெடுக்கென்று இழுக்காமல், ஆண்டெனாவை இறக்கி எடுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலேட்டர்களிலும் ஒரு மர்மம் நடக்கும். விடியற்காலையில் எஸ்.டபிள்யூ.ஆர். அலைபாயும், பத்து மணி வெயிலுக்குச் சரியாகிவிடும். முனை இன்சுலேட்டர் மேல் உப்பும் தூசியும் படலமாகப் படிந்து, பனியில் நனைந்து, மின்சாரம் கசியும் பாதையாகிறது. முனையில்தான் வோல்டேஜ் உச்சம் என்பதால் சின்னக் கசிவும் தெரியும். நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தால் போதும். நீளமும் உதவும்; 3 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் துண்டைவிட 10 சென்டிமீட்டர் பி.வி.சி. பைப் துண்டு நல்லது. கயிறுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடைகளை விஞ்ச இடமில்லை. கடலுக்குப் போகும் கயிறு உப்புக்கும் வெயிலுக்கும் பழகியது. ஒரு முனையில் கப்பி போட்டு, மணல் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை எடையாகத் தொங்கவிட்டால் காற்றில் சவுக்குக் கம்பம் ஆடும்போது கம்பி வெடுக்கென்று இழுபடாது, பாட்டில் ஏறி இறங்கும்.

மழையில் நனைந்தால் டிப் சில பத்து கிலோஹெர்ட்ஸ் கீழே போவது இயல்பு. உறைமேல் நிற்கும் நீர்ப் படலத்தின் வேலை அது. உலர்ந்ததும் திரும்பும். மழையில் 3க்குப் போய், இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகும் திரும்பாவிட்டால் முந்தைய பகுதிக்குப் போங்கள், பெட்டியைத் திறங்கள்.

அக்கம்பக்கத்து உலோகம் என்பது பட்டியல் போட முடியாத அளவு. தண்ணீர்த் தொட்டி ஏறும் இரும்பு ஏணி, தகரக் கூரை, டிஷ், துணி உலர்த்தும் கொடிக்கம்பி. இதில் கொடிக்கம்பியைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. ஏறக்குறைய 20 மீட்டருக்கு, ஆண்டெனாவுக்கு இணையாக, இரும்புக் கம்பியில் கொடி கட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து அதிரும். வளைகோட்டில் இரட்டைப் பள்ளம் தெரியும். நைலான் கயிறாக மாற்றிக் கொடுத்தால் வீட்டுக்காரரும் மறுக்க மாட்டார். மொட்டை மாடித் தளத்தில் இருக்கும் கம்பிக்கட்டும் கணக்கில் சேரும். உங்கள் வீடு தரையிலிருந்து மூன்று மாடி என்பதால் ஆண்டெனா உயரத்தில் இருப்பதாக நினைக்கிறோம். ஆனால் 3 மீட்டர் கீழே இரும்புக் கம்பி ஓடும் கான்கிரீட்தான் அதற்குத் தரை. 5 மீட்டர் கம்பத்தை 7 ஆக்கினால் கிடைக்கும் பலன், எஸ்.டபிள்யூ.ஆர். 1.5ஐ 1.1 ஆக்குவதில் கிடைக்காது.

இங்கேதான் வி.என்.ஏ. சாதாரண மீட்டரைவிடப் பயன்படுகிறது. டிப்பில் ரியாக்டன்ஸ் (நீளம் கூடினாலோ குறைந்தாலோ தலைகாட்டும் பகுதி) பூஜ்யமாகவும் எதிர்ப்பு 35 ஓமாகவும் இருந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 வரும். ஆண்டெனா அதிர்வில்தான் இருக்கிறது. வெட்டினாலும் நீட்டினாலும் 1.4க்குக் கீழே வராது, டிப் இடம் மாறும், அவ்வளவுதான். வேண்டுமானால் கைகளின் சரிவையோ உயரத்தையோ மாற்றிப் பாருங்கள். விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

கேபிளைக் கையால் பிடித்தாலோ இடம் மாற்றிப் போட்டாலோ எஸ்.டபிள்யூ.ஆர். மாறுகிறதா? மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறதா? கேபிளின் வெளிப்பரப்பும் ஆண்டெனாவாகிவிட்டது என்று பொருள். பெட்டிக்குக் கீழே ஒரு சோக் வேண்டும். எஃப்.டி.240 அளவு, 31 வகை ஃபெரைட் வளையத்தில் ஆர்.ஜி.58ஐ 12 சுற்று சுற்றினால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு அருமையாக வேலை செய்யும். வளையம் கிடைக்காவிட்டால் 4 அங்குல பி.வி.சி. பைப்பில் 15 சுற்று, ஒரே அடுக்காக, பக்கத்தில் பக்கத்தில். ஏறக்குறைய 5.4 மீட்டர் கேபிள் பிடிக்கும், 0.2 டெசிபெல் கூடுதல் இழப்பு. கொத்தாகச் சுருட்டிக் கட்டினால் சோக்காகாது. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கழற்றிய மஞ்சள், வெள்ளை வளையங்களில் சுற்றி ஏமாற வேண்டாம். அது இரும்புத்தூள், இந்த வேலைக்கு உதவாது. சோக் இரண்டு நிமிஷ ஒலிபரப்பில் தொட முடியாமல் சுட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். மெதுவாக ஏறினாலும் வளையத்தின் வகையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சோக் இன்னொரு புண்ணியமும் செய்யும். ஆண்டெனா நன்றாக இருந்தும் ரேடியோவின் சிக்னல் மீட்டரில் எஸ்9 என்ற பலமான அளவுக்கு இரைச்சல் மட்டும் கேட்கிறது என்ற புகாருக்குப் பாதி மருந்து அது, ஏனென்றால் வீட்டு இரைச்சல் பெரும்பகுதி கேபிளின் வெளிப்பரப்பு வழியாகத்தான் ஏறுகிறது. மீதியைப் பிடிக்க ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் எதிரி வீட்டுக்குள். ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுப் பார்த்தால் எல்.இ.டி. பல்பு, ரவுட்டர் அடாப்டர், இன்வெர்ட்டர் என்று சிக்கிவிடும். மெயினை அணைத்தும் அப்படியே இருந்தால் வெளியே. இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு ஏறி, நல்ல மழை அடித்ததும் காணாமல் போகும் கரகரப்பு, மின்கம்பப் பீங்கான்களில் படிந்த உப்பின் வேலையாக இருக்கலாம். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ரயில் போகும்போது மட்டும் வெடிக்கும் இரைச்சல் 25,000 வோல்ட் மேல்கம்பியில் பறக்கும் பொறி. அதற்கு ரேடியோவில் பொறி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் பிளாங்கரைத் தவிர வழியில்லை, ஆண்டெனாவில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், 7.074இல் எஃப்.டி.8 என்ற, கணினி வழியாக இயங்கும் டிஜிட்டல் முறையில் 5 வாட்டில் பத்து நிமிஷம் அழைத்துவிட்டு எங்கெல்லாம் கேட்டிருக்கிறது என்று இணையத்தில் பார்ப்பது மீட்டரைவிட நேர்மையான சோதனை. பழுதுக்கு முன்னும் பின்னும், அதே நேரத்தில், இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். ஒரு நாள் வானம் ஒத்துழைக்காததை ஆண்டெனாவின் குற்றமாக எழுதிவிடக் கூடாது. எழுதி வைக்க வேண்டியவை மூன்று எண்கள்: டிப் எங்கே, அங்கே எதிர்ப்பு எவ்வளவு, கேபிளின் மேல் முனை திறந்த நிலையில் எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு. தேதியோடு பெட்டியின் மூடிக்கு உள்பக்கமே மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கிக் கழுவி, டேப்பை மாற்றி ஏற்றுவது நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் கம்பத்தையே படுக்க வைத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்துபோன பிறகு சென்னையில் எத்தனை மரம் நின்றது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். இடி முழங்கும்போது கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.

டம்மி லோடு சரி, கேபிள் சரி, பெட்டிக்குள் செம்பு பளிச்சென்று இருக்கிறது, இரண்டு கையும் 0.1 ஓம், கொடிக்கம்பியை அவிழ்த்தாயிற்று, சோக் மாட்டியாயிற்று. அதன் பிறகும் டிப் 7.02இலேயே நிற்கிறது என்றால், இப்போது முனையை மடியுங்கள். 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு கையில் 1.4 சென்டிமீட்டர்; 7.10க்கு வர இரண்டு பக்கமும் 11 சென்டிமீட்டர். ஒரு வாரம் மடித்தபடியே ஓட்டிப் பார்த்து, வெயிலிலும் பனியிலும் டிப் அங்கேயே நின்றால், பிளேயரை எடுத்துக்கொள்ளலாம்.